கண்பட்டை கட்டின செவலை

நம்ம வயசுக்காரங்க எல்லாரையும் ஒன்று கேட்கிறேன். ஆடு வித்திருப்பீர்கள், மாடு வித்திருப்பீர்கள், மகன் தொந்தரவு தாங்காமல் காலி மனையைக்கூட வித்திருப்பீர்கள். உங்களில் யாராவது குதிரை வித்ததுண்டா? நான் வித்திருக்கிறேன். பதினோரு வயசில், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஜவ்வாது மலை மேல நின்று வித்தேன். அதுவும் எப்பேர்ப்பட்ட குதிரை என்று கடைசியில் தெரியும்.

இன்றைக்கு ஒடுகத்தூரிலிருந்து மலைக்கு ஏறுகிற ஷேர் ஜீப்பில் மூன்று என்னுடையது. புருஷன் காசும் இல்லை, மாமனார் காசும் இல்லை, நானே சம்பாதித்து வாங்கியது. பள்ளிக்கூடம் நாலாம் கிளாஸ் வரைக்கும்தான். அதுக்குப் பிறகு நான் படிச்சதெல்லாம் நாலு காலில் நின்றது. பழைய ஜீப் வாங்கப் போனால் எல்லாரும் இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார்கள். நான் முதலில் சீட் கவரைக் கழட்டச் சொல்வேன். கீழே விரிச்சிருக்கிற ரப்பர் மேட்டைத் தூக்கச் சொல்வேன். கூட வருகிற மெக்கானிக் சிரிப்பான். “இன்னா ஆயா, உள்ள புதையலு கீதா?” என்பான். “புதையல் இல்லடா, ஒரு செவலக் குதிர கீது” என்று சொல்லி நிறுத்திவிடுவேன். அவனுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்க நைனா மட்டக்குதிரை வாங்கி விக்கிறவர். மட்டக்குதிரை என்றால் ஆள் நெஞ்சு உயரத்துக்கு இருக்கிற சின்னக் குதிரை. அப்போது மலைக்கு ரோடு பாதிதான் வந்திருந்தது. மேலிருந்து புளியும் சாமையும் தேனும் இறங்கணும். கீழிருந்து உப்பும் கெரசினும் துணியும் ஏறணும். அவ்வளவும் குதிரை முதுகில்தான். அதே நேரத்தில் கீழே டவுனில் ஆட்டோ வந்து இறங்கி, ஜட்கா வண்டிக்காரர்கள் ஒவ்வொருத்தராகக் குதிரையை வித்துக்கொண்டிருந்தார்கள். நைனா அந்தக் குதிரைகளை வாங்கி வந்து, கொள்ளு போட்டுத் தேற்றி, மலைக்காரர்களுக்கு விப்பார். டவுன் வேண்டாம் என்றது மலைக்கு வேண்டியிருந்தது. எங்கள் வூட்டில் உலை கொதிச்சது அதனால்தான்.

நைனாவுக்குச் சுழி பார்ப்பதில் பெரிய பேர். சுழி என்றால் ரோமம் வட்டமாகச் சுற்றி விழுந்திருக்கிற இடம். நமக்கு உச்சந்தலையில் இருக்கிற மாதிரி குதிரைக்கு நெற்றியில், கழுத்தில், மார்பில், விலாவில் என்று பல இடத்தில் இருக்கும். இங்கே இருந்தால் வாங்கினவர் வீடு விளங்கும், அங்கே இருந்தால் அந்த வூட்டில் பாடை கட்டுவார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பலன். வாங்குகிறவர்களும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். பல்லைப் பார்த்து வயசு சொல்ல நைனாவுக்கு ஒரு நிமிஷம் போதும். சுழிக்கு மட்டும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவித் தடவிப் போவார். சுற்றி நிற்கிற கூட்டம் மூச்சு விடாமல் பார்க்கும்.

எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. கொள்ளு வேக வைக்கிறது, உடம்பு தேய்க்கிறது, ஆத்துக்கு இட்டுப்போறது எல்லாம் நான். அம்மா கத்துவாள். “பொட்டப்புள்ளய குதிரக்காரியா ஆக்கறியே, நாளைக்கு எவன் கட்டுவான்?” நைனா அசரமாட்டார். “கட்டறவன் குதிர மேலயே ஏத்தினு பூடுவான். வண்டிச் செலவு மிச்சம்” என்பார்.

அந்த வருஷம் மாசி கடைசியில் வேலூரில் ஒரு ஜட்காக்காரர் தன் குதிரையை விக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். செவலை நிறப் பெட்டைக்குதிரை. பார்த்ததும் எனக்குப் பிடிச்சுப்போனது. பிடரி மயிர் நெற்றியில் விழுந்து, அதுக்குக் கீழே கண்ணுக்கு ரெண்டு பக்கமும் தோல் மறைப்பு. அதைக் கண்பட்டை என்போம். பக்கத்தில் வருகிற லாரியைப் பார்த்து மிரளாமல் நேராகப் போகணும் என்று ஜட்காக் குதிரைக்குக் கட்டுவது. இந்தக் கண்பட்டையில் பக்கத்துக்கு ஒன்றாக ரெண்டு பித்தளை நட்சத்திரம் பதிச்சிருந்தது. வெயில் பட்டு அது மின்னும்போது குதிரையே நம்மைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது.

நைனா தடவ ஆரம்பித்தார். நெற்றி, கழுத்து, மார்பு. கழுத்தடியில் விரல் நின்றது. “பாப்பா, இங்க கைய வையி. தாமணிச் சுழி! கழுத்துல கயிறு போட்டா மாதிரி வருது பாரு. இது இருந்தா கண்ண மூடிகினு வாங்கலாம்” என்றார். அப்புறம் விலா, வயிறு, தொடை, குளம்பு வரைக்கும் போய் வந்தார். ஒரு குறை இல்லை.

ஜட்காக்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். “கண்பட்டைய மட்டும் ஒரு மாசத்துக்குக் கழட்டிடாதீங்கண்ணே. சின்னதுல இருந்து அதோடவே ஓடினது. கழட்டினா மிரண்டுடும்.” சொல்லிவிட்டுக் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். நைனாவுக்கே கண் கலங்கியது. அழுகிற ஆளிடம் என்ன கேள்வி கேட்கிறது? அந்த அழுகையில் பாதி நிஜம் என்று இன்றைக்கும் சொல்வேன். மீதிப் பாதிக்குத்தான் நாங்கள் விலை கொடுத்தோம்.

வூட்டுக்கு இட்டு வந்து பத்து நாள் இருக்கும். கொள்ளுக் கூடையோடு நைனா செவலையின் இடது பக்கமாகப் போனார். அது திடுக்கிட்டு ஒரு சுற்றுச் சுற்றி அவர் பாதத்தை மிதிச்சுவிட்டது. கட்டைவிரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கிப்போனது. நைனாவுக்குக் கோபம் வரவேண்டாமா? ஒரு காலில் குதிச்சுக்கொண்டே மெச்சினார். “துடியான குதிர! மலைக்கு இதான் வேணும்.”

பங்குனியில் மலையில் புளி அடிக்கிற வேலை மும்முரமாக இருந்தது. ஒடுகத்தூர்ச் சந்தைக்கு ஒரு மலைக்காரரும் அவர் சம்சாரமும் வந்தார்கள். அவர்கள் குதிரை தை மாசம் செத்துப்போய், அந்தம்மா புளியைத் தலைச் சுமையாகவே இறக்கிக்கொண்டிருந்தாள். கழுத்து ஒரு பக்கம் சாய்ஞ்சே போயிருந்தது. செவலையைப் பார்த்தார்கள். சுழியைக் கேட்டார்கள். நைனா பாட்டு மாதிரி ஒப்பித்தார். பிடித்துப்போனது.

மலையில் குதிரை விக்கிறதுக்கு ஒரு முறை இருந்தது. காசு அன்றைக்கே கைமாறாது. குதிரை மூணு நடை போகணும். ஒரு நடை என்றால் புளி மூட்டையோடு மலையிலிருந்து இறங்கி, உப்பு கெரசினோடு திரும்ப ஏறுவது. புதுக்குதிரை சொன்ன பேச்சு கேட்கணும் என்பதால் விக்கிறவர் பக்கத்து ஆள் ஒருத்தர் மூணு நடையும் கூட நடக்கணும். தேறினால் வாங்குகிறவர் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கணும். தேறாவிட்டால் குதிரை திரும்பிவிடும். குதிரை மட்டும் திரும்பினால் பரவாயில்லையே. அந்த வியாபாரி அப்புறம் அந்த மலையில் குதிரை என்று வாயைத் திறக்க முடியாது. அவர் கொண்டு வருகிற லாடத்தைக்கூட வாங்கமாட்டார்கள். எங்களுக்கோ மலையை விட்டால் விக்கிறதுக்கு வேற இடம் கிடையாது.

நைனாவால் செருப்பே போட முடியவில்லை. எப்படி மலை ஏறுவார்?

“நான் போறேன்” என்றேன்.

மலைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னா தரகரே, குதிரையோட ஒரு குட்டியும் அனுப்பறியா?”

“குட்டின்னு நெனைக்காத கவுண்டரே. குதிர ஒதைக்காது. ஒதைக்கறது இதான்” என்றார் நைனா.

மலைக்காரம்மா முடித்துவைத்தாள். “எங்கூட படுத்துக்கட்டும். அனுப்பு.” அவளை நான் அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டேன், அவரை மாமா என்று.

ஏறும்போது செவலைக்குப் பாரம் இல்லை. மலைக்காரர் முன்னால் பிடித்துப் போனார். அந்தப் பாதையில் ஏறுகிறபோது வலது கைப்பக்கம் பாறைச் சுவர், இடது கைப்பக்கம் பள்ளம். இறங்குகிறபோது அப்படியே மாறும். நடுவில் வழுக்குப்பாறை என்று ஒரு திருப்பம். ஒரு குதிரையும் ஒரு ஆளும் ஒட்டி ஒட்டிப் போகிற அகலம்தான். கீழே மரங்களின் உச்சி தெரியும். எந்தக் குதிரையும் அங்கே பாறையோடு ஒட்டிக்கொண்டுதான் நடக்கும். செவலை விளிம்பிலேயே நடந்தது. அதன் குளம்பு பட்டு ஒரு கல் உருண்டு போய், விழுந்த சத்தமே கேட்கவில்லை.

மலைக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பள்ளத்தப் பாத்துகூட அசரல பாரு! எங்க பழய குதிர இந்த எடத்துல மூத்திரம் பூடும்.”

எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. எங்க நைனா வாங்கின குதிரை அல்லவா.

அன்றைக்குச் சாயங்காலம் அவர்கள் வாசலில் கட்டித் தண்ணீர் காட்டினேன். புழுக்கம். கண்பட்டை வாருக்கு அடியில் வேர்த்து ஊறி, தோல் நாற்றமும் குதிரை நாற்றமும் கலந்து அடித்தது. புண் கிண் இருக்குமோ என்று வாரைத் தளர்த்தி மெல்லக் கழட்டினேன். மிரளும் என்று காத்திருந்தேன். மிரளவே இல்லை. இடது கண் நுங்கில் பால் ஊற்றின மாதிரி இருந்தது.

விரலைக் கண் கிட்ட கொண்டு போனேன். இமை அசையவில்லை. வலது கண்ணுக்கு முன்னால் நீட்டினேன். சட்டென்று மூடித் திறந்தது. மறுபடியும் இடது. ஒன்றும் இல்லை. நைனா பாதத்தை ஏன் மிதிச்சது என்று அப்போது புரிஞ்சது. வழுக்குப்பாறையில் அது பயமில்லாமல் நடக்கவில்லை. அங்கே பள்ளம் இருப்பதே அதுக்குத் தெரியாது.

தலை முதல் வால் வரைக்கும் ஒரு மணி நேரம் தடவின மனிதர், தோலுக்கு மேலே இருக்கிற சுழி ஒவ்வொன்றையும் எண்ணின மனிதர், அந்தத் தோல் மறைப்பை ஒரு விரலால் தூக்கிப் பார்க்கவில்லை.

கண்பட்டையைத் திரும்பவும் கட்டினேன். மலைக்காரம்மா வாசலுக்கு வந்தாள். “ஏன் பாப்பா கட்டற? புழுக்கத்துல கெடக்குது பாவம்.”

“கழட்டினா மிரளும் அத்தை. ஜட்காக்காரரு சொன்னாரு.”

“எத்தினி நாளைக்கு?”

“ஒரு மாசத்துக்கு.”

ஜட்காக்காரர் சொன்னது நிஜம். அதனால் நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினோரு வயசில் அப்படி ஒரு சாமர்த்தியம்.

முதல் நடை. இறங்கும்போது குருட்டுப் பக்கம் பாறை, பார்வைப் பக்கம் பள்ளம். பட்டைக்கு முன்னால் தெரிகிற அளவுக்கு வலது கண் பள்ளத்தைப் பார்த்துவிட்டது. அதுக்குப் பயந்து இடது பக்கமாகவே ஒதுங்கியது. ஒதுங்கி ஒதுங்கிப் பாறையில் மூட்டையைத் தேய்த்தது. சாக்கு கிழிந்து புளி வழியெல்லாம் கொட்டியது. மண்ணும் கல்லும் ஒட்டின புளியை நாங்கள் மூணு பேரும் குந்திப் பொறுக்கினோம். “புது எடம். ஒட்டினு போவுது” என்றார் மலைக்காரர். முகத்தில் முதல் நாள் சந்தோஷம் கொஞ்சம் குறைஞ்சிருந்தது.

ஏறும்போதுதான் என் உயிர் என் கையில் இல்லை. உப்பு மூட்டையோடு அது விளிம்புக்கு நகர ஆரம்பித்தது. நான் கயிற்றை மலைக்காரர் கையில் கொடுத்துவிட்டு, பள்ளத்துப் பக்கம் வந்து அதன் தோளில் கையை வைத்துக்கொண்டு நடந்தேன்.

பின்னால் வந்த மலைக்காரம்மா அலறினாள். “ஏய், கிறுக்கு! பள்ளத்தோரமா யாராச்சும் நடப்பாங்களா? உள் பக்கம் வாடி!”

“எனக்கு இப்பிடித்தான் பழக்கம் அத்தை” என்றேன். எங்கள் ஊரில் பள்ளம் என்றால் கரும்புக்கு வெட்டின வாய்க்கால்தான்.

அடுத்த நடைக்கு நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் தண்ணிக்கு இட்டுப்போகிற சாக்கில் மலைக்காரர் வூட்டுக்குப் பின்னால் மேட்டில் செவலையோடு நின்றேன். இடது தோளில் ரெண்டு தட்டு தட்டுவேன், வலது பக்கம் தள்ளுவேன். தள்ளிப் போனால் கையை நக்கக் கொடுப்பேன். பகலெல்லாம் புளி ஆய்ந்து உப்புப் போட்டுப் பிசைந்த கை அது. புளிப்பும் உப்பும் அதுக்கு அப்படிப் பிடித்தது. உள்ளங்கையில் சொரசொரவென்று அந்த நாக்கு ஊர்வதை இப்போது நினைத்தாலும் கை கூசுகிறது. நாலாம் நாள் தட்டுகிறதுக்கு முன்னால், கை பட்டதுமே நகர்ந்தது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ரெண்டாம் நடையில் ஒரு புளியங்கொட்டைகூடக் கீழே விழவில்லை. மூணாம் நடையில் ஏறும்போது கோடை மழை பிடித்துக்கொண்டது. வழுக்குப்பாறை பேருக்கு ஏற்ற மாதிரி பளபளத்தது. செவலையின் பின்னங்கால் ஒரு தடவை சறுக்கியது. நான் தோளோடு தோளாக முட்டுக் கொடுத்து, தட்டித் தட்டி, வாயில் வந்ததெல்லாம் பேசிக்கொண்டே அதைத் திருப்பத்தைத் தாண்ட வைத்தேன். முழங்கை உரிந்து ரத்தம் வந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஜீப் டிரைவர்கள் யாராவது ரொம்பப் பேசினால் முழங்கையை மடக்கிக் காட்டுவேன்.

மறுநாள் காலையில் நைனா ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு மலை ஏறி வந்தார். பேச்சு முடிக்கிற நாள். மலைக்காரர் வாசலில் பலா மரத்தடியில் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். குதிரை விலையை வாயால் பேசமாட்டார்கள். துண்டை விரித்து அதுக்கு அடியில் ரெண்டு பேர் கையும் போகும். விரலைப் பிடித்துத்தான் பேரம். நைனா கையும் மலைக்காரர் கையும் துண்டுக்குள் போயின. நைனாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“நான் சொன்னன்ல? சுழி பொய் சொல்லாது. மூணு நடையும் தேறுச்சா? தாமணிச் சுழி இருக்கிற குதிரய யாரு இட்டுனு போனாலும் ஏறும். இதோ எங்க பாப்பா, இதுக்கு இன்னா தெரியும்? சும்மா கூட நடந்துச்சு. அவ்ளோதான்.”

எனக்குச் சுருக்கென்றது.

“சும்மாவா?” என்றேன்.

“இன்னாடி?”

“சும்மாவா நடந்தேன்? அதுக்கு எடது கண்ணு தெரியாது நைனா! முத நாளே கழட்டிப் பாத்துட்டேன். ஒத்தக் கண்ணுக் குதிரய மூணு நடை ஏத்தி எறக்கினது நானு. உன் சுழிய வச்சினு நீ நடத்து பாக்கலாம்!”

நியாயம் தர்மம் என்று நினைச்சு நான் சொல்லவில்லை. அதையும் இங்கேயே ஒத்துக்கொள்கிறேன். என் பேரை விட்டுவிட்டு அந்தச் சுழிக்குப் பேர் கொடுத்தாரே என்கிற ஆத்திரம். அது ஒன்றுதான்.

மலைக்காரர் துண்டுக்குள்ளிருந்து கையை உருவினார். எழுந்து போய்க் கண்பட்டையைக் கழட்டினார். கையை ஆட்டிப் பார்த்தார். அப்புறம் நைனா போனார். அவரும் கையை ஆட்டினார். ஒரு தடவை, ரெண்டு தடவை.

“நான் பாக்கல” என்றார் நைனா.

கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார். “தல முதல் வாலு வரைக்கும் ஒரு மணி நேரம் தடவுவியாமே தரகரே. நடுவுல கண்ணு வர்லியா?” எல்லாரும் சிரித்தார்கள். நைனாவின் காது மடல் சிவந்துபோனது.

மலைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. “குதிரய இட்டுனு எறங்கு. இனிமே இந்த மலைல உன் மூஞ்சிய பாக்கக்கூடாது.”

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றேன். “மாமா, மூணு நடை தேறுச்சா இல்லியா? அத சொல்லு.”

“தேறுச்சு. நீ கூட இருந்தே. நாளைக்கு நீ இருப்பியா? உங்கூட்டுக்குப் பூடுவ. இவ இத இட்டுனு வழுக்குப்பாறைல ஏறுவா. இவ உயிருக்கு யாரு பதிலு சொல்றது?”

அவர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. நைனா வாயை அடக்கி என்னையும் ரெண்டு வார்த்தை மெச்சியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அந்தம்மா அடுத்த வாரமே அந்தக் குதிரையோடு பள்ளத்தில் கிடந்திருப்பாள். அத்தனை நாளும் அவள் கையால் சாமைச் சோறு தின்றுகொண்டு நான் அதை யோசிக்கவே இல்லை.

மலைக்காரம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். “எங்க தட்டணும்?” என்று என்னைக் கேட்டாள். செவலையின் இடது தோளைத் தொட்டுக் காட்டினேன்.

“இன்னாத்துக்குடி?” என்றார் மலைக்காரர்.

“நீயா சொமக்கற? எங்கழுத்து தான் சாயிது. நீ குந்து.”

ரெண்டு மூட்டையை ஏற்றச் சொன்னாள். எல்லாரும் வழுக்குப்பாறைக்கு இறங்கினோம். அவள் மட்டும் அங்கிருந்து கீழே கொஞ்ச தூரம் போய், குதிரையைத் திருப்பி, தனியாக அதை ஏற்றிக்கொண்டு வந்தாள். பள்ளத்துப் பக்கம் அவள், பக்கத்தில் செவலை. கண்பட்டை இல்லை. நாங்கள் மேலே நின்று பார்த்தோம். திருப்பத்துக்கு வந்ததும் செவலை விளிம்புக்கு நகர்ந்தது. அவள் தோளில் தட்டினாள். பானையைத் தட்டிப் பார்க்கிற மாதிரி மெத்தென்று தட்டினாள். அது ஒதுங்கவில்லை. இன்னும் ஒரு அடி வைத்தது. அவள் குதிகால் பாறையின் ஓரத்தில் இருந்தது.

நான் கத்த வாயைத் திறந்தேன். நைனாவின் கை என் தோளை அழுத்திப் பிடித்தது. என் குரல் கேட்டால் குதிரை தலையைத் திருப்பும். திருப்பினால் ரெண்டு பேரும் போனார்கள். அது எனக்கும் தெரிஞ்சது, அவருக்கும் தெரிஞ்சது.

“ஏய்! தள்ளுடி அந்தாண்ட!” என்று அந்தம்மா ஒரு அதட்டுப் போட்டு, தோளில் பளார் என்று ஒன்று வைத்தாள். அம்மிக்கல் தூக்குகிற கை. செவலை பாறைப் பக்கம் சட்டென்று ஒதுங்கி நேராக ஏறி வந்தது. தலையை ஆட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி.

மேலே வந்து மூச்சு வாங்கினாள். “காது நல்லா கேக்குது. சொன்னா கேக்குது. எங்கூட்டுல ஒருத்தருக்கு அதுவும் இல்ல” என்றாள். மலைக்காரரே சிரித்துவிட்டார்.

துண்டு மறுபடியும் விரிந்தது. நைனா எவ்வளவு இறங்கினார் என்று கடைசி வரைக்கும் வூட்டில் யாருக்கும் சொல்லவில்லை. கண்பட்டைத் தோலை அந்தம்மா வெட்டிச் செருப்புக்கு அடித்தோலாக வைத்துக்கொண்டாள். பித்தளை நட்சத்திரம் ரெண்டையும் எனக்குக் கொடுத்தாள். ஒன்று அன்றைக்கே ஓடை தாண்டும்போது பாவாடை முடிச்சிலிருந்து விழுந்துவிட்டது. இன்னொன்றை வெகுகாலம் வைத்திருந்து, என் முதல் ஜீப்பின் ஸ்டியரிங் நடுவில் ஒட்டினேன். அந்த ஜீப்பை வித்தபோது சுரண்டி எடுக்க மறந்துபோனேன்.

நைனா கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் இறங்கினார். அடி விழும் என்று நான் நாலு எட்டு பின்னாலேயே வந்தேன். ஓடைக்கரையில் நின்று காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டார்.

“முத நாளேவா தெரிஞ்சுது?”

“ஆமா.”

“ஏன் யாருகிட்டயும் சொல்லல?”

“சொன்னா உன்ன மலை ஏற வுடமாட்டாங்க. அதான் சொல்லல.”

“அப்பால ஏன் சொன்ன?”

நான் பாவாடை முடிச்சில் இருந்த நட்சத்திரத்தைத் திருகிக்கொண்டிருந்தேன். அவர் வீங்கின கட்டைவிரலைத் தண்ணீரில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த மலையில் எங்களுக்குக் கதவு மூடும் என்று அம்மா ஒப்பாரி வைத்தாள். மூடவில்லை. ஆனால் ஒரு கேள்வி புதுசாக முளைத்தது. நைனா எந்தக் குதிரையை ஏற்றிப் போனாலும் மலைக்காரர்கள் சுழியைக் கேட்கிறதுக்கு முன்னால் அதைக் கேட்டார்கள். “உங்க பொண்ணு நடத்தின குதிரையா?” மலையில் தள்ளி இருக்கிற நெல்லிவாசல்நாடு வரைக்கும் அந்தப் பேச்சு போனது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆடி மாசம் நைனாவும் நானும் மறுபடியும் டவுனுக்குக் குதிரை பார்க்கப் போனோம். ஒரு கறுப்புக் குதிரை. எண்ணெய் தேய்த்துவிட்ட மாதிரி உடம்பு. நைனா கண்ணை மூடிக்கொண்டு தடவ ஆரம்பித்தார். நெற்றி, கழுத்து. கழுத்துக்குக் கீழே போன விரல் பாதியில் நின்றது. கண்ணைத் திறந்தார். என் பக்கம் திரும்பாமலே குதிரைக்காரரிடம் சொன்னார்.

“கண்பட்டையக் கழட்டுப்பா. எங்க பாப்பா பாக்கணும்.”

கழட்டினார்கள். ரெண்டு கண்ணும் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. பல்லும் நன்றாக இருந்தது. சுழி அத்தனையும் நல்ல சுழி என்பது நைனா முகத்திலேயே தெரிந்தது. நான் அதை இருபது அடி நடக்கவிட்டுப் பார்த்தேன். பின்னங்காலை வைக்கும்போது ஒரு சின்ன இழுப்பு.

“வேணாம் நைனா” என்றேன்.

நைனா குதிரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த குதிரை நிற்கிற இடத்துக்கு நடந்தார்.